பாலா, பரலா?

பாளையங்கோட்டை
ஆடி 5

அன்புள்ள நெல்லையப்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே ஆனித் தேர் நல்லபடியாக நிலைக்கு வந்து சேர்ந்தது. மேற்கே சாரல் உண்டு, சாயங்காலம் டவுன் வரைக்கும் அந்தக் குளிர்ச்சி வந்துவிடுகிறது. வயக்காட்டில் கார் நடவு ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த ஆறு மாதத்தில் என்னென்ன படித்தாய், எதை வாங்கலாம், வட்டார வழக்கு நாவல் நாற்பதாம் பக்கத்தில் நின்றுபோகிறதே ஏன் என்று மூன்று கேள்வி கேட்டிருந்தாய். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் என்னிடம் இருக்கிறது. ஒரு புத்தகத்தைத் தனியாக எடுக்காதே, ஜோடி சேர்த்து எடு. ஒரு புத்தகம் தனக்குத் தெரிந்ததைச் சொல்லும். அது எந்த இடத்தில் தாண்டிப் போகிறது என்பது பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் கண்ணில் படும். நம்ம பக்கத்துப் புத்தகங்களுக்கு இது ரொம்பவே பொருந்துகிறது.

முதலில் உ. வே. சாமிநாதையருடைய 'என் சரித்திரம்'. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1950-ல் நூலானது. ஐயர் 1942 ஏப்ரலில் காலமாகிவிட்டதால், 1898-ல் மணிமேகலை அச்சேறியதை ஒட்டிக் கதை நின்றுவிடும். மீதி வாழ்க்கைக்கு அவருடைய மாணவர் கி. வா. ஜகந்நாதன் எழுதிய 'என் ஆசிரியப்பிரான்' இருக்கிறது. தடித்த புத்தகம், முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் உத்தமதானபுரத்து உறவுமுறைகளிலேயே நீ களைத்துப்போவாய். 1880 அக்டோபர் 21-ஆம் தேதி கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிற இடத்தில் தொடங்கு. ஐயர் தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் எதற்கும் அசையவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அந்த ஒரு கேள்வியிலிருந்து சிந்தாமணி அச்சாகும் 1887 வரைக்கும் ஏழு வருஷ உழைப்பு. அதைப் படித்துவிட்டுப் பின்னால் திரும்பிப் போனால், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட பகுதி முழுக்க வேறு கனத்தோடு இருக்கும்.

அதில் நம்ம சீமைப் பகுதியைக் கண்டிப்பாக இரண்டு தடவை படி. பத்துப்பாட்டு ஏடுகளுக்காக அவர் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வருகிறார். தெற்குப் புதுத் தெருவில் ஒரு வீட்டில், பழுதான ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றோடு விட்டாயிற்று என்று கேள்விப்படுகிறார். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிவலம்வந்தநல்லூரில் வரதுங்கராம பாண்டியன் காலத்து ஏடுகளைத் தேடிப் போனால், நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்கிறார்கள். படிக்கிறவர்களுக்கு அந்த இடத்தில் கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்த வழக்கத்துக்குள்ளே ஒரு கணக்கு இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஓலை சில நூறு வருஷம் தாங்கும், அவ்வளவுதான். இற்றுப்போகும் முன்னால் ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் படி எடுப்பார், படி எடுத்து முடிந்த பழசை மரியாதையோடு தண்ணீருக்கோ தீக்கோ கொடுப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் படி எடுக்கிற ஆட்கள் அற்றுப்போனார்கள். ஆற்றில் விடுகிற சடங்கு மட்டும் நிற்கவில்லை. இரண்டில் ஒன்று அறுந்ததும் மற்றது நாசம் பண்ணிவிட்டது.

இதற்கு ஜோடிப் புத்தகம், ஐயர் பதிப்பித்த புறநானூறு. 1894-ல் முதல் பதிப்பு. பாட்டு மட்டும் இருக்கிற மலிவுப் பதிப்பை வாங்கிவிடாதே. அடியில் பாடபேதம், அதாவது ஏட்டுக்கு ஏடு மாறுகிற சொல், கொடுத்திருக்கிற பதிப்பாகப் பார்த்து வாங்கு. பாடபேதம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் அந்த அடிக்குறிப்புகளைத் தாண்ட மனசு வராது.

ஓலையில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பது ஒரு காரணம். அதனால் 'க' என்று இருந்தால் 'க'வும் உண்டு, 'க்'கும் உண்டு. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. 'மெல' என்று எழுதியிருந்தால் மெல, மேல, மெல், மேல் என நாலு விதமாகவும் படிக்கலாம். இதைவிடச் சங்கடமானது துணைக்கால். ரகரமும் துணைக்காலும் ஓலையில் ஒரே வடிவம். ப, ஒரு கோடு, ல என்று மூன்று குறி இருந்தால் அது 'பால்' ஆகவும் இருக்கலாம், 'பரல்' ஆகவும் இருக்கலாம். குடிக்கிற பாலா, சிலம்புக்குள் கிடக்கிற பரலா? இடம் பார்த்து, எதுகை மோனை பார்த்து, சீர் தளை தட்டுகிறதா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, அடி முடிகிற இடத்தில் வரி மடங்காது, மூலமும் உரையும் ஒரே ஓட்டமாக ஓடும்.

படி எடுக்கும்போது வருகிற பிழை இன்னொரு வகை. ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதினால் ல-ள-ழ, ன-ண, ர-ற இடம் மாறும். ஒருவரே பார்த்து எழுதினால், அடுத்தடுத்து இரண்டு அடி ஒரே சொல்லில் தொடங்குகிற இடத்தில் கண் வழுக்கி ஒரு அடி விழுந்துபோகும். பட்டியல் மாதிரிப் போகிற பகுதிக்கு ஆபத்து ஜாஸ்தி. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிற இடம் உனக்குத் தெரியும். அதில் ஒரு பகுதி ஐயருக்கு முதலில் கிடைத்த ஏடுகளில் இல்லை. தருமபுர மடத்து ஏட்டில்தான் விட்டுப்போன பூக்கள் அகப்பட்டன.

செய்முறை ஒன்று சொல்கிறேன். புறநானூற்றில் சிறிய பாட்டாகப் பத்து எடுத்துக்கொள். அடிக்குறிப்பில் இருக்கிற பாடபேதத்தை மட்டும் ஒரு தாளில் எழுது, பக்கத்தில் பதிப்பாசிரியர் ஏற்ற பாடத்தை எழுது. இரண்டுக்கும் வேறுபாடு எங்கே என்று பார்: புள்ளியா, கொம்பா, காலா, காதுப் பிழையா, கண் வழுக்கலா? பத்துப் பாட்டுக்கு ஒரு மணி நேரம் போதும். சில இடத்தில் ஒதுக்கப்பட்ட பாடமே நன்றாயிருக்கிறதே என்று தோன்றும். தோன்றட்டும், பென்சிலால் குறித்து வை. அவசரப்பட்டுப் பேனாவை எடுக்காதே.

அச்சு வந்த பிறகு இந்தத் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. நம்ம புதுமைப்பித்தன் மறைந்தது 1948-ல், நேற்று மாதிரி. அவர் கதையிலும் பத்திரிகையில் வந்த பாடம் ஒன்று, புத்தகத்தில் ஏறிய பாடம் ஒன்று, பின்னால் வந்தவர்கள் மறுபதிப்பில் கைவைத்தது ஒன்று. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000-ல் காலச்சுவடு வெளியிட்ட தொகுப்பு கதைகளைக் கால வரிசையில் வைத்து, எப்போது எங்கே வந்தது என்ற விவரத்தையும் பாடபேதங்களையும் கொடுக்கிறது. 'துன்பக்கேணி'யை அந்தப் பதிப்பில் படி. வாசவன்பட்டியில் தொடங்கி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கதை. எழுதின வருஷத்தை மனசில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தக் கைக்கு எத்தனை வேகம் என்று புரியும்.

இனி நாற்பதாம் பக்கத்துச் சிக்கல். வட்டார வழக்கு நாவலை எடுத்தவுடன் நீ ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று பொருள் தேடுகிறாய், அதனால்தான் ஓட்டம் அறுகிறது. முதல் முப்பது பக்கத்தை வாய்விட்டு வாசி, பொருள் தேடாதே. கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். நம்ம பேச்சில் 'பார்க்கிறான்' என்பது 'பாக்கான்', 'நிற்கிறான்' என்பது 'நிக்கான்', 'வருகிறேன்' என்பது 'வருதேன்'. எழுத்தில் பார்த்தால் வேற்றுமொழி போல நிற்கும், சொல்லிப் பார்த்தால் உன் ஆச்சி குரல் கேட்கும். அத்தனை வருஷம் வெளியூரில் இருந்தாலும் அது போயிருக்காது. மூன்று முறை வந்தும் புரியாத சொல்லை மட்டும் கடைசிப் பக்கத்தில் எழுதிவை. முப்பது பக்கம் முடிந்ததும் அகராதியைத் திற. அகராதி என்றால் கி. ராஜநாராயணன் 1982-ல் கொண்டுவந்த வட்டார வழக்குச் சொல்லகராதி. அதற்கு ஜோடி அவருடைய 'கோபல்ல கிராமம்', 1976. தெலுங்கு தேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் கரிசலைத் திருத்திக் குடியேறுகிற கதை. ஒன்று மட்டும் கவனம்: கரிசல் சொல்லும் ஆற்றுப்பாசனச் சொல்லும் வேறு. கி. ரா.வின் ஊரான இடைசெவலில் கண்மாய் என்பதை நாம் குளம் என்போம். 1986-ல் மாவட்டம் பிரிகிற வரைக்கும் இரண்டும் ஒரே திருநெல்வேலி ஜில்லாதான், ஆனாலும் மண் வேறு, பேச்சு வேறு.

கண்மாய் என்றதும் சோ. தர்மனின் 'சூல்'. 2019-ல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. உருளைக்குடிக் கண்மாயும் அதை நம்பின ஊரும்தான் கதை. இதற்கு ஜோடிப் புத்தகம் வேண்டாம், ஒரு கண்மாயே போதும். ஆடியில் வற்றிக் கிடக்கும்போது வந்தால் உறுப்பெல்லாம் வெளியே தெரியும். வரத்துக்கால் எங்கேயிருந்து வருகிறது, கரையில் மடை எத்தனை, நிறைந்த தண்ணீர் வழிகிற மறுகால் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று ஒரு சுற்று நடந்து பார். வரத்துக்காலை யாராவது அடைத்திருந்தால் மழை பெய்தும் கண்மாய் நிறையாது. மடைக்கு முன்னால் வண்டல் மேடிட்டால் உள்ளே தண்ணீர் கிடந்தும் வயலுக்குப் பாயாது. கரையை அடைத்துச் சீமைக் கருவேலம் நின்றால் வேர் போன வழியே கசிவு வரும். அந்தக் காலத்தில் கோடையில் மாட்டுவண்டி கட்டிக் கண்மாயின் கரம்பை மண்ணை அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். வயலுக்கு உரமாயிற்று, கண்மாய்க்கு ஆழமாயிற்று, சர்க்கார் பணம் ஒரு பைசா செலவில்லை. அந்த ஏற்பாடு குலைந்தபோது ஊருக்கு என்ன ஆயிற்று என்பதைக் கண்மாய்க் கரையில் நின்று யோசித்துவிட்டு நாவலுக்குத் திரும்பினால், தலைப்பு எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். நிறைந்த கண்மாயைச் சூல் கொண்டவளாகப் பார்த்த ஊர் அது.

கடற்கரைக்கு இரண்டு: வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு'. முதலாவது 1977, சின்னது, ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம். மணப்பாட்டுக் கரையில் நாட்டுப் படகான வல்லத்துக்கும் இயந்திரப் படகான லாஞ்சுக்கும் நடக்கிற மோதலுக்கு நடுவில் குரூஸ் மிக்கேலும் பிலோமியும். பேச்சு குறைவு, ஈரம் அதிகம். இரண்டாவது 2004, பெரியது, ஆமந்துறை என்கிற ஊரில் 1933-லிருந்து 1985 வரை மூன்று தலைமுறை. சின்னதை முதலில் படி. பெரியதற்கு ஒரு முழுத்தாளில் வம்சம் எழுதிக்கொள். புனிதர்கள் பெயரைத்தான் வைப்பார்கள், அதனால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும், பக்கத்தில் அப்பன் பெயரையும் எழுதாவிட்டால் நூறாம் பக்கத்தில் குழம்பிவிடும். காற்றின் பெயர் நாலும் பக்கத்தில் இருக்கட்டும்: வடக்கேயிருந்து வாடை, கிழக்கேயிருந்து கொண்டல், தெற்கேயிருந்து சோழகம், மேற்கேயிருந்து கச்சான். எந்தக் காற்று என்று தெரிந்தால்தான் கட்டுமரம் ஏன் கரை திரும்பவில்லை என்பது விளங்கும்.

வரலாற்றில் இந்த வருஷம் மனசில் நின்றது வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908', 2024-க்கான அக்காதெமி விருது. 1906-ல் பத்து லட்ச ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு என்று வ.உ.சி. தொடங்கின கப்பல் கம்பெனி, 1908 மார்ச் 12 அவர் கைது, மறுநாள் டவுன் கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நாலு உயிர். வ.உ.சி. பெயரை எல்லாருக்கும் தெரியும். அந்த நாலு பேரையும், தண்டனை அனுபவித்த சாதாரண ஜனங்களையும் யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்கிற புத்தகம் இது. வ.உ.சி. தம் வாழ்க்கையைச் செய்யுளாகவே எழுதியிருக்கிறார், அதைப் பக்கத்தில் வைத்துக்கொள். காகித ஆவணம் சொல்வதும் அனுபவித்தவர் சொல்வதும் எங்கே விலகுகின்றன என்று பார்க்கலாம். கால்டுவெல் 1881-ல் எழுதிய ஜில்லா வரலாறும் என் மேஜையில் இருக்கிறது. பாளையக்காரர் பகுதியை மட்டும் படி. பாண்டியர் கால வரிசை இன்று நிற்காது, அவர் எழுதும்போது கல்வெட்டுகளை முறையாகப் படி எடுக்கிற வேலை தொடங்கவே இல்லை.

கடைசியாக, நீ தயங்கித் தயங்கிக் கேட்டிருந்த சிவகளை அறிக்கை, தூத்துக்குடிப் பக்கம் முதுமக்கள் தாழிகளைத் தோண்டியெடுத்த இடம் அது. 'இரும்பின் தொன்மை', கா. ராஜனும் இரா. சிவானந்தமும் எழுதியது, 2025 ஜனவரி 23-ல் வெளியானது. அங்கே கிடைத்த இரும்புக்குச் சொன்ன கி.மு. 3345 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் கொண்டாட்டம், ஒரு பக்கம் மறுப்பு. இரண்டு பக்கமும் அதில் உள்ள தேதி அட்டவணையைப் படிக்கவில்லை. படிப்பது கஷ்டமில்லை, வரிக்கு வரி நாலு விஷயம் பார்த்தால் போதும்: மாதிரி என்ன பொருள், எங்கே எந்த ஆழத்தில் எடுத்தது, எந்த முறை, பிழை வரம்பு எவ்வளவு.

கரித்துண்டில் மிஞ்சின கரிமத்தை வைத்து வயசு சொல்கிற கரிமக் கணக்கில் 'இன்றைக்கு முன்' என்றால் 1950-க்கு முன். 'இன்றைக்கு முன் 2800' என்று வந்தால், அதை 1950-லிருந்து கழித்துக் கி.மு. 850 என்று சொன்னால் தப்பு. காற்றில் இருந்த கரிமத்தின் அளவு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது, மர வளையங்களை வைத்துத் திருத்தினால் அது கி.மு. 1000-900 பக்கம் போகும். அப்புறம், கரித்துண்டு சொல்வது மரம் அந்த வளையத்தை வளர்த்த காலத்தை. இருநூறு வருஷ மரத்தின் நடுக்கட்டையை எரித்தால், எரித்த நாளைவிட இருநூறு வருஷம் பழைய தேதி வரும். தாழியின் மூடி உடைந்து மேல்மண் இறங்கியிருந்தால் கரியும் இரும்பும் ஒரே நாளில் உள்ளே போனவை என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் மூடி கெடாத தாழியா என்பது முக்கியமான கேள்வி. ஒளித் தூண்டல் முறை வேறு மாதிரி: மணல் பரலோ பானையோ கடைசியாக வெளிச்சமோ சூடோ பட்டது எப்போது என்று அளக்கும். பிழை வரம்பு பெரிசு, ஆனால் மர வயசுச் சிக்கல் அதில் கிடையாது.

என் அபிப்பிராயம் கேட்டால், சிவகளைத் தாழி நெல்லுக்கு 2021-ல் சொன்ன கி.மு. 1155 என்ற தேதிதான் எனக்குச் சுலபமாக நெஞ்சில் இறங்குகிறது. நெல் ஒரே போகத்தில் விளைந்து முடிகிறது, அதற்கு நடுக்கட்டை கிடையாது. இரும்புத் தேதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்கூடத்தில், கரியிலும் ஒளியிலுமாகச் சோதித்தவை, அதனால் லேசாகத் தள்ள முடியாது. பக்கத்துத் தலங்களிலும் இதே மாதிரி மூடிய தாழிகள் கிடைத்து, அதே பக்கம் தேதி வந்தால் நிலைக்கும். இதற்கு ஜோடி, அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்தவற்றுக்கு 1915-ல் வெளியான பட்டியல். தேதியே இல்லாத பட்டியல் அது. ஆனால் எந்தத் தாழியில் எது எதோடு கிடந்தது என்பதைப் பொருள் பொருளாகப் படிக்கலாம்.

'கடல்புரத்தில்', 'சூல்' இரண்டையும் பார்சலில் அனுப்புகிறேன். உன் பேத்தி வாங்கித் தருவதாகச் சொன்னால் புறநானூற்றை அவளிடம் சொல், பாடபேதம் இருக்கிற பதிப்பு என்று அழுத்திச் சொல். சூலுக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். ஏட்டில் இருக்கிற மாதிரிப் புள்ளியில்லாமல் மூன்று வரி எழுதியிருக்கிறேன். முதல் வரியில் க, ஒரு கோடு, ல. எத்தனை விதமாகப் படிக்கலாம், அந்த வரியில் எது பொருந்தும் என்று அடுத்த கடிதத்தில் எழுது. மூன்றாம் வரி கொஞ்சம் கஷ்டம், கொம்பு இரண்டு இடத்தில் வருகிறது.

அன்புடன்,
சுப்பையா